வில்லும் நாலு தந்தியும்



கிற்றாரின் ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டிவிடலாம். ஹார்மோனியத்தில் நாலு கட்டைகளை அழுத்தினால் நாலு சுரமும் ஒன்றாய் எழும். வயலினில் மட்டும் ஏன் இது முடிவதில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு.

காரணம் குதிரைதான். தந்திகளைத் தாங்கும் அந்தச் சிறு மரத்துண்டின் மேல்விளிம்பு வளைவானது. அது தட்டையாயிருந்தால் நடுத் தந்தியைத் தனியே தொட வில்லால் ஏலாது. வளைந்திருப்பதால் இரண்டு தந்திகளை மட்டுமே வில் ஒன்றாகத் தொட்டு நீடிக்க முடிகிறது. அழுத்தி இழுத்தால் மூன்றாவது தந்தி சிறிது நேரம் சேரும். நான்காவது எட்டாது.

நமது கர்நாடக இசைக்கு இது குறையே அல்ல. ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி, ஒற்றை வரியில் இராகத்தை விரிப்பவர்களுக்குச் சுரக்கூட்டு எதற்கு? மேலைத்தேயத்தில் கதை வேறு. 1720 என ஆண்டு குறித்த கைப்பிரதியில், ஜேர்மனியரான ஜொஹான் செபஸ்ரியன் பாஹ், துணை வாத்தியம் எதுவுமின்றித் தனி வயலினுக்கென ஆறு படைப்புகளை எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்றின் இறுதிப் பகுதியான 'சக்கோன்' சுரக்கூட்டுகளோடேயே தொடங்குகிறது. மூன்று நான்கு சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏட்டில் நிற்கின்றன. பாஹ் தாமே வயலின் வாசித்தவர். வில்லின் எல்லை அவருக்குத் தெரியாததா?

வாசிப்பவர் என்ன செய்கிறார்? முதலில் கீழிரண்டு தந்திகளைத் தொட்டு, உடனே வில்லை மேலிரண்டுக்குச் சாய்க்கிறார். கீழ்ச்சுரங்கள் ஒலித்து மறைகின்றன. ஆனால் நம் காது அவற்றை விட்டுவிடுவதில்லை. மேற்சுரங்களுக்குக் கீழே அவை இன்னும் நிற்பதாகவே எண்ணிக்கொள்கிறது. பாதி இசையை வாசிப்பவர் தருகிறார், மீதியை நாம் கட்டிக்கொள்கிறோம்.

இது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1904இல் ஆர்னோல்ட் ஷெரிங் என்ற அறிஞர், பாஹ் காலத்து வில்லின் மயிரைத் தளர்த்தி நாலு தந்தியையும் ஒன்றாக இழுத்திருப்பார்கள் என்று வாதிட்டார். அல்பேர்ட் சுவைற்சர் அதை உற்சாகத்தோடு ஆதரித்தார். ஆம், ஆபிரிக்காவில் மருத்துவம் செய்து நோபல் பரிசு பெற்ற அதே சுவைற்சர்தான். பாஹ் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். பின்னர் ஹங்கேரியில் பிறந்து டென்மார்க்கில் வாழ்ந்த எமில் ரெல்மானி, நன்றாக வளைந்த வில்லொன்றைச் செய்வித்தார். பெருவிரலால் ஒரு நெம்பை இயக்கினால் மயிர் தளரும், இறுகும். 1954இல் அதைக் கொண்டே பாஹின் ஆறு படைப்புகளையும் இசைத்தட்டில் பதித்தார். நாலு சுரமும் ஓர்கன் போல நீண்டொலித்தன.

ஆனால் பாஹ் காலத்து வில்கள் சற்றே வெளிநோக்கி வளைந்தவை மட்டுமே. அத்தகைய நெம்பு வில் அப்போது இருந்ததற்குச் சான்றே இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். நானும் அவர்கள் பக்கமே. ஓர்கன் வேண்டுமென்றால் பாஹ் ஓர்கனுக்கே எழுதியிருப்பார். அதில் அவரை மிஞ்சியவர் யார்?

இதைப் புரிந்துகொண்டவர் பிராம்ஸ் எனலாம். 1877இல் சக்கோனைப் பியானோவுக்கு மாற்றியபோது இடக்கைக்கு மட்டுமே எழுதினார். பத்து விரலும் இருக்க, ஐந்து விரலின் நெருக்கடிக்குள் தம்மை அடைத்துக்கொண்டார். அங்கும் கை கீழே தொட்டுவிட்டு மேலே தாவத்தான் வேண்டும்.