ஏதென்ஸ் ஏடிஎம்ல நான் அழுத்தின தப்பான பட்டன்

இத்தாலி, கிரீஸ் ரெண்டையும் பேக்கேஜ் டூர் இல்லாம நானே பிளான் பண்ணி சுத்தினேன். பாரியில இருந்து பட்ராஸுக்கு ராத்திரி ஃபெர்ரி. ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம். டெக்ல நின்னு பார்த்த சூரிய உதயம் இன்னும் கண்ணுலயே இருக்கு.

அப்படி மிச்சம் பிடிச்ச காசை ஏதென்ஸ்ல ஒரே நிமிஷத்துல விட்டேன்! ஏடிஎம்ல 200 யூரோ கேட்டேன். "ரூபாயில கழிக்கட்டுமா, யூரோவுலயா?"ன்னு ஸ்கிரீன் கேட்டது. நம்ம ரூபாய்தானேன்னு அதையே அழுத்திட்டேன்.

இதுக்குப் பேர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். ரூபாயைத் தேர்ந்தெடுத்தா, ரேட்டை ஏடிஎம் நடத்துறவங்களே வைப்பாங்க. யூரோவைத் தேர்ந்தெடுத்தா, விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க் ரேட் வரும்.

ஒரு கணக்குக்கு, நெட்வொர்க் ரேட் 90 ரூபாய், மெஷின் ரேட் 99 ரூபாய்னு வச்சுக்குவோம். 200 யூரோவுக்கு 1,800 ரூபாய் கூடுதல். யூரோன்னு அழுத்தியிருந்தா, உங்க பேங்க் 3.5% மார்க்-அப்பும் அதுக்கு 18% ஜிஎஸ்டியும் போட்டாக்கூட, சுமார் 743 ரூபாய்தான்.

யூரோ ஏத்தின ஃபாரெக்ஸ் கார்டு வச்சிருக்கீங்களா? அதுல ரூபாயை அழுத்தினா யூரோ ரூபாயாகி, மறுபடி யூரோவாகும். ரெண்டு தடவை நஷ்டம்.

ஹோட்டல், கடை கார்டு மெஷின்லயும் இதே கேள்வி வரும். கிரீஸ்ல யூரோ, துருக்கியில லிரா. எந்த நாட்டுல நிக்கிறீங்களோ, அந்த நாட்டுக் காசையே அழுத்துங்க.