வீட்டுக்குள் ஒரு கண்

சவூதியிலும் கட்டாரிலும் தொழில் புரிந்த நம்மவர்கள் ஒரு காலத்தில் தம் குரலைக் கெசட்டில் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டார் சுற்றியிருந்து கேட்டு அழுதார்கள். இன்றோ கறியில் உப்புப் போதுமா என்பதைத் தவிர மற்றதெல்லாம் அங்கிருக்கும் வாப்பாவுக்குத் தெரிகிறது!

இதற்கு வழி செய்த வெப் கமரா பிறந்தது ஒரு கோப்பிப் பாத்திரத்தால். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி ஆய்வாளர்கள் கோப்பிக்காகப் படியேறி வந்து, வெறும் பாத்திரத்தைக் கண்டு திரும்புவார்களாம். 1991இல் அதன் எதிரே ஒரு கமராவைப் பொருத்தி, இருந்த இடத்திலிருந்தே பார்த்துக் கொண்டார்கள். 1993இல் அப்படம் இன்டர்நெட்டுக்கு வந்தது. 2001இல் கமரா நிறுத்தப்பட்டபோது, அந்தப் பழைய பாத்திரம் 3,350 பவுணுக்கு ஏலம் போயிற்று. 1994இல் கடைக்கு வந்த குவிக்கேம் என்ற கமராவின் விலை ஏறத்தாழ 100 டொலர்; படமோ கறுப்பு வெள்ளை.

அந்தக் கமரா பார்த்தது கோப்பியை. நம் கையிலுள்ளது பார்ப்பது நம் வீட்டை. மகள் உம்மாவுடன் பேசிக்கொண்டே போனைத் திருப்புவாள். பின்னால் முக்காடின்றி நிற்கும் மாமி மறுமுனையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிவார். 'கமரா திறந்திருக்கிறது' என்று முதலில் சத்தமாகச் சொல்வதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மறுமுனையில் இருப்பவர் நமக்குத் தெரியாமலே அதனைப் பதிவு செய்யவும் முடியும். திருமணம் பேசி வந்த இடமென்றாலும் இதை மறக்க வேண்டாம்.

விளக்கு எரியாவிட்டால் கமரா மூடியிருக்கிறது என்றும் நம்பிவிட முடியாது. 2008க்கு முந்திய சில அப்பிள் மடிக்கணினிகளில், விளக்கை எரிய விடாமலே கமராவை இயக்கலாம் என்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் செய்து காட்டினார்கள். வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி விடுவது நல்லது. தடித்த மூடி வேண்டாம். மடிக்கும்போது திரை வெடிக்கலாம். புதிய போன்களில் கமரா இயங்கினால் திரையின் மேல்மூலையில் பச்சைப் புள்ளி தோன்றும். நீங்கள் பேசாத வேளையில் அது தோன்றினால், எந்தச் செயலி கமராவைப் பாவிக்கிறது என்று பார்த்து அனுமதியை நீக்குங்கள்.

படத்தைக் காட்டி யாரேனும் பிள்ளையை மிரட்டினால், பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மிரட்டுபவன் சொற்படி நடக்கிறார்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.