உங்களுக்குத் தெரியுமா? கடன் வாங்கிய குத்து, சொந்தக் கதை

சண்டை வீடியோ கேம்களின் படங்களைக் கோத்து ரசிகர்களே தொடர்கதை செய்கிறார்கள். மட்டக்களப்பு ஆரையம்பதியிலும் பொடியன்கள் கைப்பேசியில் பார்க்கிற சங்கதிதான். அதைப் பற்றிச் சில துணுக்குகள்.

● 1991இல் ஜப்பானின் கேப்கொம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் சாகத் என்றொரு தாய்லாந்துக்காரன் வருவான். ஒற்றைக் கண்ணை மறைத்துக் கறுப்புத் துணி கட்டியிருப்பான். மற்றப் பக்கம் கிறுகி நின்றானென்றால் துணி மற்றக் கண்ணுக்குத் தாவிவிடும்! கவனக்குறைவல்ல, சிக்கனம். ஒரு பக்கத்துக்கு மட்டும் வரைந்து, மறுபக்கத்துக்கு அதையே புரட்டிப் போட்டார்கள். இரண்டு பக்கமும் வரைந்தால் நினைவகச் சில்லில் இரு மடங்கு இடம் வேண்டும்.

● அதே நிறுவனம் 1997இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ செய்தபோது கில் என்ற கடைசி வில்லனுக்கு உடம்பின் பாதியைச் சிவப்பாகவும் மீதியை நீலமாகவும் வைத்தது. புரட்டினால் நிறம் இடம் மாறிப்போகும். அவனுக்கு மட்டும் இரு பக்கமும் தனித்தனியாக வரைந்தார்கள்.

● பின்னணிக்கு மேலே தனியாக நகரும் இந்தச் சிறு படங்களுக்குத்தான் ஸ்பிரைட் என்று பெயர். நிற்பதற்குச் சில படம், நடப்பதற்குச் சில, குத்துக்கு, உதைக்கு, அடிவாங்கி விழுவதற்குச் சில. ஒரு வீரனிடம் இருக்கிற சொத்து அவ்வளவுதான். ரசிகர்கள் அவற்றைக் கணினியில் பிரித்தெடுத்து, வேண்டிய வரிசையில் அடுக்கி, வசனமும் இசையும் சேர்த்துத் தொடராக்குகிறார்கள். “என்ன மகன் இவன், ஒரே குத்தையே குத்திக்கொண்டு நிற்கிறான்?” என்று அம்மப்பா கேட்டால் பதில் சுலபம்: “அவனுக்கு வேறு குத்து வரையவில்லை, அம்மப்பா.” இருக்கிற குத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் கெட்டித்தனம்.

● கேமிலேயே கதை இருக்கும்போது ரசிகர் எதற்கு மறுபடி சொல்ல வேண்டும்? கதை இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் எட்டு வீரர்களில் ஒருவரைத் தேர்ந்து கடைசிவரை வென்றால், முடிவில் சில படமும் நாலு வரி எழுத்தும் காட்டுவார்கள். ரியூவைக் கொண்டு வென்றால் ரியூதான் வில்லனைச் சாய்த்தவன். சுன்-லியைக் கொண்டு வென்றால் அவள். எட்டுப் பேருக்கும் எட்டு முடிவு, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அப்படியானால் உண்மையில் வென்றது யார்? அந்த ஓட்டையில்தான் ரசிகர்களின் தொடர்கள் முளைத்தன.

● இதில் பெயர்க் குழப்பம் வேறு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் வில்லன்களில் ஒருவன் குத்துச்சண்டைக்காரன். ஜப்பானில் அவன் பெயர் எம். பைசன். மைக் டைசனை நினைவூட்டும் பெயர். அமெரிக்காவுக்குப் போகும்போது வழக்கு வந்துவிடும் என்று பயந்து மூன்று வில்லன்களின் பெயரையும் ஒருவருக்கொருவர் மாற்றிவிட்டார்கள். அதனால் தொடர் செய்கிறவர் முதற்காட்சி எழுதுமுன் ஜப்பான் பெயரா, அமெரிக்கப் பெயரா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

● நம் பக்கத்து வடமோடிக் கூத்துகளின் பெயர்களைக் கேட்டுப்பாருங்கள்: பதின்மூன்றாம் போர், பதினான்காம் போர், பதினெட்டாம் போர். பாரதப் போரின் நாட்கணக்கே கூத்தின் பெயர். பதின்மூன்றில் அபிமன்யு விழுவான், பதினான்கில் சயத்திரதன், பதினெட்டில் துரியோதனன். இன்றைய தொடர்க்காரர் ‘எபிசோட் 13’ என்று போடுவதற்கு எத்தனையோ தலைமுறை முந்திய வேலை இது.

ஆட்டமும் அப்படித்தான். பொடியடி, நாலடி, எட்டு, வீசாணம் என்று ஆடவல்ல அடிகள் குறித்த சிலதான். அருச்சுனனும் ஆடுவது அதையே, கர்ணனும் ஆடுவது அதையே. பாத்திரத்துக்கேற்ற தாளக்கட்டும் வரவுப் பாட்டும் மாறும்போதுதான் ஆள் வேறாகிறான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் (ஆடுகிறவருக்குரிய பாட்டேடு) கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து ஆடி, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழகுவதெல்லாம் அந்தச் சில அடிகளைக் கொண்டு விடியும்வரை ஒரு போரை நடத்தத்தான். ஸ்பிரைட் தொடரைப் பார்த்து ‘இதென்ன ஒரே அசைவு’ என்று முகம் சுளிக்கிறவர் கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி ஒரு இரவு உட்காரட்டும். மறுகா பேசுவோம்.

● வடமோடி போருக்கு, தென்மோடி காதலுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பதிப்பித்த ‘அலங்காரரூபன் நாடகம்’ தென்மோடி. அதே காலத்தில் அவர் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ (1964) இரண்டும் வடமோடிப் பாணி. இரவு முழுக்க ஆடுவதைச் சில மணிநேரத்துக்குள் சுருக்கியது அப்போது பெரிய பேச்சு. இராவணேசனில் ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியரான நம் அமிர்தகழிச் சி. மௌனகுரு.

● சண்டைக் கேமில் ஒரு குத்துப் பட்டதும் அடித்தவனும் அடிபட்டவனும் இமைப்பொழுது உறைந்து நிற்பார்கள். ஒரு வினாடியில் அறுபது படம் ஓடும். அதில் சில படங்களுக்கு இருவரும் அசைவதில்லை. பார்க்கிறவர் அதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் குத்தின் கனம் முழுவதும் அங்கேதான். புதிதாகத் தொடர் செய்கிறவர்கள் இந்த நிறுத்தத்தை விட்டுவிடுவதால் அவர்களுடைய சண்டை பஞ்சுப்பொதியால் அடிப்பதுபோலத் தெரியும்.

● தொடர்ந்து விழும் அடிகளை ‘கொம்போ’ என்று இளசுகள் சொல்கிறார்களே, அது யாரும் திட்டமிட்டதல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் காரை அடித்து நொறுக்கும் இடைக்கட்டத்தைச் சரிபார்த்தபோது, ஒரு அடி முடியுமுன்னே இன்னொன்றை நுழைக்க முடிகிறது என்பதைத் தயாரிப்பாளர் நொரிடாக்கா ஃபுனமிசு கண்டார். யாருக்கும் எட்டாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க எட்டியது.

● கேமில் கதை சொல்லும் சண்டைக்கு இன்னும் பழைய சாட்சி 1984இல் வந்த ‘கராத்தேக்கா’. ஜோர்டன் மெக்னர் யேல் பல்கலைக்கழக மாணவனாக இருக்கையில் தன் கராத்தே ஆசிரியரைப் படம்பிடித்து, அந்தப் படங்களின் மேலேயே கோடிழுத்து அசைவுகளை உண்டாக்கினார். அவருடைய அடுத்த கேம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ (1989). அதில் ஓடிப் பாய்வது அவருடைய தம்பி. வாள்வீச்சோ 1938இல் வந்த ராபின்ஹூட் திரைப்படத்தின் சண்டைக்காட்சியைப் பார்த்து வரைந்தது. கடன் வாங்கிய வீச்சு என்று யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை.

● அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் 1992இல் ‘மோர்ட்டல் கொம்பட்’ செய்தபோது வரையவே இல்லை. நடிகர்களை வீடியோவில் பிடித்துச் சட்டம் சட்டமாக வெட்டி எடுத்தார்கள். டேனியல் பெசினா என்ற ஒரே நடிகர், ஒரே உடுப்பு. அதற்கு மஞ்சள் பூசினால் ஸ்கோர்ப்பியன், நீலம் பூசினால் சப்-சீரோ, பச்சை பூசினால் ரெப்டைல். ஜென்மப் பகைவர்களாகக் கதையில் மோதுகிற ஸ்கோர்ப்பியனும் சப்-சீரோவும் ஒரே ஆள்!

● ரசிகர் கட்டிய கதை கேமுக்குள் புகுந்ததும் உண்டு. அதே கேமின் பராமரிப்புத் திரையில் நிரற்பிழைகளை எண்ணுவதற்கு ‘எர்மாக்ஸ்’ என்றொரு வரி இருந்தது. அதைக் கண்டவர்கள் ‘எர்மாக் என்ற சிவப்பு நிஞ்சா ஒளிந்திருக்கிறான்’ என்று கிளப்பிவிட்டார்கள். அப்படி ஒருவன் இல்லவே இல்லை. ஆனால் வதந்தி அடங்கினால்தானே! 1995இல் வந்த பதிப்பில் கேமை உருவாக்கிய எட் பூனின் குழுவினர் எர்மாக்கை நிசமாகவே சேர்த்தார்கள்.

● 1999இல் எலெக்பைட் என்ற குழு ‘முகென்’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. எந்தக் கேமின் வீரனையும் எந்தக் கேமின் வீரனோடும் மோதவிடலாம். அதற்காக ரசிகர்கள் பிரித்தெடுத்துப் பகிர்ந்த ஸ்பிரைட்டுகள்தான் பின்னர் வந்த எத்தனையோ தொடர்களுக்கு மூலப்பொருள்.

● குச்சி மனிதர் சண்டைக்குப் பேர்போன ‘சியாவ் சியாவ்’ தொடரைச் செய்த சீனர் ஜூ ஜிச்சியாங், தன் கறுப்புக் குச்சி மனிதனைப் போன்ற உருவத்தை விளம்பரத்தில் போட்டதாக நைக்கி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 2004இல் பெய்ஜிங் நீதிமன்றம் அவருக்கு 3,00,000 யுவான் தீர்த்தது. 2006இல் மேன்முறையீட்டில் அத்தனையும் போயிற்று. வட்டமும் கோடும் யாருக்கும் சொந்தமில்லையாம்.

● ஸ்பிரைட் தொடர்களில் மிகப் புகழ் பெற்றது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் சீ’. ஆல்வின் எர்த்வோர்ம் என்ற புனைபெயரில் ஒருவர் 2006இல் தொடங்கினார். மாரியோவும் சொனிக்கும் சண்டைக் கேம் பாத்திரங்கள் அல்ல. ஆனால் அவர் அவர்களை ‘டிராகன் போல்’ அசைபடத் தொடரின் பாணியில் ஆகாயத்தில் மோதவிட்டார். எட்டு அத்தியாயம் வந்தது, ஒன்பதாவது அரைகுறையில் நின்றது, 2012இல் கைவிட்டார். பிறகு ரசிகர் பணத்தோடு மறுபடி தொடங்க முனைந்தபோது, 2015 டிசம்பரில் நிண்டெண்டோவின் முறைப்பாட்டால் அந்தப் பணம் வரும் வழி அடைபட்டது. மனுசன் விடவில்லை, அடுத்த வருடமே பணமில்லாமல் புதிய முதல் அத்தியாயம் வெளிவந்தது.

● கேப்கொம் வேறு மாதிரி. சிங்கப்பூர் ரசிகர் சியோ சொங் ஹுய் தானாகவே ஒரு கேம் செய்தார்: பழைய எட்டு பிட் கோலத்தில், கேப்கொமின் இன்னொரு நாயகனான மெகா மேன் ஒவ்வொரு ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரனாக எதிர்கொள்ளும் கதை. அதைக் கொண்டுபோய்க் காட்டினார். வழக்கறிஞரின் கடிதம் வருவதற்குப் பதில் கேப்கொமே பணம் போட்டு, மெகா மேனின் 25ஆம் ஆண்டுக்காக 2012 டிசம்பர் 17இல் இலவசமாக வெளியிட்டது. இங்கிலாந்தின் ஜோய் அன்சா 2010இல் செய்த ரசிகர் குறும்படமும் அப்படித்தான். 2014இல் அவரே அதிகாரபூர்வமான தொடரை இயக்கினார். நிண்டெண்டோவின் வழி சட்டப்படி சரியாக இருக்கலாம். இலாபம் பார்த்தது கேப்கொம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

● இலங்கையில் பதிப்புரிமைக்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற தேவைகளுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த அதன் 11ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ‘ரசிகன்’ என்ற சலுகை அதில் எங்கும் இல்லை.

● கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் பத்திரகாளி கோயில்களில் தோற்பாவைக் கூத்து ஆடுகிறார்கள். பாட்டு கம்பராமாயணம், தமிழ். ஒரே பாத்திரம் நிற்க ஒரு பாவை, உட்கார ஒன்று, நடக்க ஒன்று, போர்செய்ய ஒன்று. விளக்கு வரிசைக்கு முன்னே திரையில் அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்திக் கதையை நடத்துவார்கள். ஸ்பிரைட்டுக்கு மின்சாரமில்லாத மூதாதை இதுதான். இந்தக் கலைக்காக இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மசிறீ பெற்றார்.

● கதை சொல்லும் சண்டை விளையாட்டு மட்டக்களப்புக்குப் புதிதா? கண்ணகை அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்பு விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகை கட்சி. இரண்டு கொம்பையும் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிந்தது என்பதைத் தோற்ற கட்சி அடுத்த சடங்குவரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

● ஆரம்பகாலத் தொடர்கள் பெரும்பாலும் ஃபிளாஷ் மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அவற்றை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்தியது. நல்லவேளையாக 2018இலேயே ‘ஃபிளாஷ்பொயின்ற்’ என்ற தன்னார்வச் சேமிப்பு தொடங்கியிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்களும் அசைபடங்களும் அங்கே பிழைத்துக் கிடக்கின்றன.

● கேம் நிறுவனமே பழைய ஸ்பிரைட் அசைவைத் தேடிப் போனதும் உண்டு. 2014இல் வந்த ‘கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி’ முழுக்க முப்பரிமாணம். ஆனால் வழுக்கிக்கொண்டு அசைந்தால் அழகில்லை என்று, கணினி இடையில் தானாகச் சேர்க்கும் அசைவை நிறுத்தி, ஒவ்வொரு நிலையையும் கையால் அமைத்து, பழைய ஸ்பிரைட்டின் வெட்டுவெட்டான அசைவை உண்டாக்கினார்கள்.

● செய்துபார்க்க ஆசையா? கிரிட்டா, கிம்ப், பென்சில்2டி மூன்றும் இலவசம். யாருடைய ஸ்பிரைட்டையும் எடுக்கத் தேவையுமில்லை. மோர்ட்டல் கொம்பட்காரர் செய்ததை இங்கே ஒரு வெள்ளைச் சுவரும் கைப்பேசியும் கொண்டு செய்யலாம். வடமோடி ஆடத் தெரிந்த ஒருவரை உடுப்போடு நிறுத்தி, நிலை, வரவு, எட்டு, வீசாணம், அம்பு விடுதல், விழுதல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டுங்கள். உடுப்பின் நிறத்தை மாற்றினால் அருச்சுனனே கர்ணன். ஆடுகிறவரிடமும் அண்ணாவியாரிடமும் கேட்காமல் இறங்க வேண்டாம். மேலே சொன்ன அதே சட்டம் ஆற்றுகையாளருக்கும் உரிமை தருகிறது. நாட்டார் கலைகளை வணிகத்துக்காகவோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ எடுத்தாளவும் அனுமதி கேட்கிறது. கேட்டுவிட்டால் பதினேழாம் போரை எடுங்கள். தேர்ச்சில்லு மண்ணில் புதையும் காட்சிக்குக் கர்ணனுக்குப் புதிய அடி எதுவும் தேவையில்லை, நிற்கிற ஸ்பிரைட் ஒன்றே போதும்.