ஊற்று நீரைக் காத்தல்

எல்ல, பண்டாரவளைப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரருக்கு ஊற்றும் கிணறுமே முதலாகும். உமாஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது, 2014 ஆம் ஆண்டின் இறுதியில் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தடி நீர் சுரங்கத்தினுள் பாய்ந்தது. மேலிருந்த கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, பயிர்கள் வாடின.

2024 ஏப்பிரலில் திறக்கப்பட்ட இத்திட்டம் 120 மெகாவாட்டு மின்வலுவும், வரண்ட நிலங்களுக்குப் பாசன நீரும் தரவல்லது. எனினும், ஓரூரை வாழ்விக்க மற்றோரூரின் ஊற்றை வற்றச்செய்தல் நிலையான அபிவிருத்தி ஆகாது.

வடிந்த நீரை மீட்டல் அரிது. பெய்யும் மழையை மண்ணுள் இறங்கச் செய்தல் கமக்காரர் கையிலுள்ளது. சமவுயரக் கோட்டில் வரம்பிடுக. பாத்திகளை வைக்கோலால் மூடுக. ஊற்றுக்கு மேலுள்ள மரங்களைக் காத்திடுக. கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வைத்தல் வேண்டும். நீர் குறையுமாயின், நட்டஈடு கோர அக்குறிப்பே சான்றாக உதவும்.