85 வயதில் டி.எஸ்.எச். 7: நோயா, முதுமையின் இயல்பா?

தடித்த எழுத்தில் ஒரு எண்

முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் தைராய்டு சோதனையும் சேர்ந்தே வருவதால், 80 வயதைத் தாண்டிய பலருடைய ஆய்வகச் சீட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் நிற்கிறது. டி.எஸ்.எச். 6 என்றோ 7 என்றோ இருக்கும். பக்கத்தில், இயல்பான அளவு ஏறத்தாழ 4.5 வரை என்று அச்சாகியிருக்கும். ‘தாத்தாவுக்குத் தைராய்டு வந்துவிட்டது’ என்று வீட்டில் பேச்சாகிவிடுகிறது. மறுநாள் காலையிலிருந்து வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பெரும்பாலும் அது வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறது. இந்த அவசரம் மிக முதிய வயதில் பெரும்பாலானோருக்குத் தேவையற்றது, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடியது என்பதற்கு இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுரந்து கொடு’ என்று தைராய்டை ஏவுவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான டி4 குறைந்தால் ஏவல் கூடும். டி4 மிகுந்தால் ஏவல் அடங்கும். டி.எஸ்.எச். உயர்ந்து, டி4-உம் குறைந்திருந்தால் அது ஐயத்துக்கு இடமில்லாத தைராய்டு குறைபாடு. மருந்து கட்டாயம் வேண்டும். டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்து, டி4 சரியாக இருக்கும் நிலையை மருத்துவர்கள் ‘சப்கிளினிக்கல்’ குறைபாடு, அதாவது மறைநிலைக் குறைபாடு என்கிறார்கள். சிக்கல் இந்த இரண்டாம் வகையில்தான்.

யாருடைய இயல்பு?

இயல்பு அளவு என்பது ஆரோக்கியமானவர்கள் பலருடைய ரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் மிகப் பெரும்பாலோருடைய அளவு எந்த வரம்புக்குள் அடங்குகிறது என்று பார்த்து வகுப்பது. அப்படியானால் அந்த ஆரோக்கியமானவர்கள் எந்த வயதினர் என்று கேட்டாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவுகளை 2007இல் மார்ட்டின் சர்க்ஸும் ஜோசஃப் ஹாலோவெலும் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தைராய்டு நோய் இல்லாதவர்களில், 20 முதல் 29 வயதினரின் மேல் எல்லை 3.6-ஐ ஒட்டி இருந்தது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு அதே எல்லை 7.5 வரை போனது. 4.5-ஐத் தாண்டியதால் நோயாளிகள் என்று கருதப்பட்டிருக்கக்கூடிய 80 வயதினரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தங்கள் வயதுக்குரிய எல்லைக்குள்தான் இருந்தார்கள். பிறந்த குழந்தையின் டி.எஸ்.எச். முதல் நாட்களில் மிக உயர்ந்து நிற்பதைப் பார்த்து எந்த மருத்துவரும் பெரியவர்களின் அளவுகோலை வைத்து அளப்பதில்லை. வாழ்வின் மறுகோடியில் நிற்பவருக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும். வயதுக்கேற்ற எல்லையையும் ஆய்வகங்கள் சீட்டிலேயே அச்சிட்டால் எத்தனையோ வீடுகளின் கலக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

லைடன் நகரத்து முதியவர்கள்

வயதோடு ஓர் அளவு உயர்வதாலேயே அது தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. ரத்த அழுத்தமும்தான் வயதோடு உயர்கிறது. அதை நாம் விட்டுவைப்பதில்லை. ஆகவே, உயர்ந்த டி.எஸ்.எச். முதியவரை உண்மையில் முடக்குகிறதா என்று தனியே பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் லைடன் நகரில் அதைப் பார்த்தார்கள். 1912 முதல் 1914 வரை பிறந்து அந்த நகரில் வாழ்ந்தவர்களில் 599 பேரை, 85 வயதிலிருந்து 89 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்த ஆய்வல்ல இது. அந்த வயதினரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இதில் இருந்தார்கள். அதனால்தான் இதை நான் பெரிதும் மதிக்கிறேன். 2004இல் முடிவு வெளிவந்தது. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறன், மனச்சோர்வு, நினைவாற்றல் ஆகிய எதற்கும் டி.எஸ்.எச். அளவோடு தொடர்பு தெரியவில்லை. அதைவிட வியப்பானது, டி.எஸ்.எச். கூடியவர்களிடையே இறப்பு குறைவாகவும், டி4 கூடியவர்களிடையே இறப்பு அதிகமாகவும் இருந்ததுதான்.

பிழைத்திருந்தவர்களின் கணக்கா?

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கடும் நோயில் கிடப்பவர்களுக்கு டி.எஸ்.எச். தாழ்வது உடலின் இயல்பு. ஆகவே, தாழ்ந்த டி.எஸ்.எச். உள்ளவர்கள் சீக்கிரம் இறந்தது வேறொரு நோயால் இருக்கலாமே? இதற்கு ஓரளவு விடை நீண்ட ஆயுள் கொண்ட குடும்பங்களிடமிருந்து வருகிறது. உடன்பிறந்தார் 90 வயதைத் தொட்ட குடும்பங்களை அதே லைடனில் ஆராய்ந்தபோது, பெற்றோரும் நெடுநாள் வாழ்ந்திருந்தவர்களிடம் டி.எஸ்.எச். உயர்ந்தும் தைராய்டு ஹார்மோன் சற்றுத் தாழ்ந்தும் இருந்தது. அஷ்கெனாசி யூதர்களில் நூறு வயதை ஒட்டியவர்களின் டி.எஸ்.எச். நடு அளவு 1.97; அதே சமூகத்தைச் சேர்ந்த, சராசரி ஆயுள் மரபுள்ள முதியவர்களுக்கு 1.55. நூறை ஒட்டியவர்களின் பிள்ளைகளிடமும் இந்த உயர்வு தெரிந்தது. பெற்றோரின் ஆயுளையும் பிள்ளைகளின் ரத்தத்தையும் இன்றைய நோய் மாற்றியிருக்க முடியாது.

ஆனால் இதை நீட்டிக்கொண்டே போய், தைராய்டு மெதுவாக ஓடினால் உடல் தேயாது, ஆயுள் கூடும் என்று சொல்வது தவறு. நெடுவாழ்வுக் குடும்பத்துப் பிள்ளைகளை 2015இல் நுணுகி ஆராய்ந்தபோது, டி.எஸ்.எச். அதிகம் சுரந்தும் அவர்களின் ஆற்றல் செலவில் மாற்றமில்லை. இந்தச் சான்றுகள் சொல்வது இவ்வளவுதான்: மிக முதிய வயதில் சற்று உயர்ந்த டி.எஸ்.எச். மட்டும் ஆபத்தின் அறிகுறி அல்ல.

சோர்வு மாத்திரையில் தீருமா?

‘எப்போதும் களைப்பாக இருக்கிறார், மலச்சிக்கல், கை கால் சில்லிடுகிறது, மாத்திரை கொடுத்துப் பார்த்தால் என்ன?’ என்று கேட்கும் பிள்ளைகளின் பரிவை நான் மதிக்கிறேன். அந்தக் கேள்விக்கு நேரடிச் சோதனையில்தான் விடை காண முடியும், அதுவும் நடந்துவிட்டது. ஐரோப்பாவில் நடந்த ‘டிரஸ்ட்’ ஆய்வில், மறைநிலைக் குறைபாடுள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரில் ஒரு பாதிக்குத் தைராய்டு மாத்திரையான லீவோதைராக்சினும் மறுபாதிக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தரப்பட்டன. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டில் மருந்து சாப்பிட்டவர்களின் டி.எஸ்.எச். 3.6-க்கு இறங்கியது; சோர்வோ மற்ற அறிகுறிகளோ போலி மாத்திரைக்காரர்களைவிடக் குறையவில்லை. 2017இல் வந்த இந்த முடிவு 80 தாண்டியவர்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. அந்த வயதினர் 251 பேரின் தரவுகளைத் தொகுத்து 2019இல் பார்த்தபோதும் பயன் தென்படவில்லை. முதியவரின் சோர்வுக்கு ரத்தசோகை, தூக்கமின்மை, தனிமை, அவர் சாப்பிடும் வேறு மருந்துகள் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. தைராய்டு மாத்திரையோடு தேடல் நின்றுபோனால் உண்மையான காரணம் கவனிப்பாரற்றுப் போகும்.

மிகையாகும் மருந்து

‘பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பது அடுத்த வாதம். மருந்து அளவு சற்று மிகுந்தாலே டி.எஸ்.எச். அடங்கிப்போகும், அந்த நிலை முதியவரின் இதயத்துக்கும் எலும்புக்கும் ஆகாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், 60 வயதைக் கடந்து டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே போனவர்களுக்கு, பத்தாண்டுகளில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. பக்கவாதத்துக்கு வழிதிறக்கும் கோளாறு அது. எலும்பு மெலிந்து, தடுக்கி விழுந்தால் இடுப்பு முறியும் ஆபத்தும் கூடுகிறது. 85 வயதில் இடுப்பு முறிவு ஒருவரின் நடமாட்டத்தையே பறித்துவிடலாம்.

மாத்திரை வேண்டியவர்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தைராய்டை அறுவை செய்து எடுத்தவர்கள், கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர்கள், டி4 தாழ்ந்தவர்கள் ஆகியோருக்கு அந்த மருந்து உயிர்காப்பது. விட்டால் உடல் குளிர்ந்து நினைவிழக்கும் நிலை வரை போகும். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினாலும் கணக்கு மாறுகிறது. பதினொரு ஆய்வுகளில் இருந்த 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில், இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு அந்த அளவுக்கு மேல்தான் தெளிவாகக் கூடியது. ஐரோப்பிய தைராய்டு சங்கத்தின் 2013 வழிகாட்டுதலும், 80–85 வயதைக் கடந்து டி.எஸ்.எச். 10 வரை இருப்பவர்களைப் பொதுவாக மருந்தின்றிக் கவனித்து வரலாம் என்கிறது. மருந்து தொடங்கியே ஆக வேண்டும் என்றாலும் முதியவருக்கு, குறிப்பாக இதய நோயாளிக்கு, 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டுவதே வழக்கம்.

இதன் எதிர்ப்பக்கமும் முதுமையில் ஏமாற்றும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இளையவர்களிடம் காணும் நடுக்கமும் படபடப்பும் இல்லாமல், எடை இழப்பும் ஒதுங்கி உட்கார்ந்துவிடும் சோர்வுமாகவே அது வெளிப்படலாம். ஆகவே சோதனையே வேண்டாம் என்பதல்ல. டி.எஸ்.எச். 10-க்குள் உயர்ந்திருந்தால் முதலில் டி4-ஐப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். காய்ச்சலிலோ அறுவை சிகிச்சையிலோ இருந்து தேறிவரும் நாட்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக உயரும், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மனநல மருந்தான லித்தியம் ஆகியவையும் அதை உயர்த்தும். மருத்துவரிடம் போகும்போது பெரியவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், அண்மையில் மருத்துவமனையில் இருந்த விவரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.