பதிவேட்டில் ஏறிய பெயர்
பாடசாலைகளின் கதை – தொடர் கட்டுரை

சென்ற வாரம் லண்டன் மாநகரின் கிழக்குப் பேட்டையான ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், பெல் லேன் என்னும் சந்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் 4,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த யூதர் இலவசப் பாடசாலையைப் பார்த்தோம். 1732-இல் பெரிய ஜெப ஆலயத்தைச் சார்ந்த வேத பாடசாலையாகத் தொடங்கி, 1822-இல் அந்தச் சந்துக்குக் குடிபுகுந்து, ராத்சைல்டு குடும்பத்தார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வழங்கிய உடுப்புகளாலும் பூட்ஸுகளாலும் பெயர் பெற்ற அந்த ஸ்தாபனத்தை, மோசஸ் ஏஞ்சல் என்னும் தலைமை உபாத்தியாயர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டி ஆண்ட கதையையும் சொன்னோம். ருஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்திறங்கிய குடும்பங்களின் குழந்தைகள் வாயிலிருந்து யித்திஷ் மொழியை அகற்றி, அங்கே ஆங்கிலத்தைக் குடியேற்றுவதுதான் அன்றைய உபாத்தியாயர்களின் பிரதான கவலையாக இருந்தது. வாசலில் வந்து நிற்கும் பிள்ளை யூதப் பிள்ளைதானா என்பது அவர்களுக்கு ஒரு பிரச்னையாகவே தோன்றியிருக்க நியாயமில்லை. அவனை எப்படி ஆங்கிலேயனாக்குவது என்பதே பிரச்னை.

ஆனால் அதே பாடசாலையில், ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், எது பிரச்னையாகவே இருக்கவில்லையோ அதுவே பெரும் வழக்காக மூண்டு, இங்கிலாந்தின் மிக உயர்ந்த நியாயஸ்தலத்தின் ஒன்பது நீதிபதிகளை இரண்டு அணிகளாகப் பிரித்து நிறுத்தியது. யூத சமயத்தின் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான மேல்நிலைப் பள்ளியொன்று அதே லண்டனில் முளைத்ததும் அந்தக் காலத்திலேதான். இப்படிப் பல பிரிவினரையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ப்பதை இக்காலத்தார் பன்மை நெறி என்பார்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தையும் பாடப்புத்தகத்தையும் பற்றிப் பேசுகிறார்கள். என்னுடைய அபிப்பிராயம் வேறு: ஒரு பள்ளியின் பன்மை அதன் வகுப்பறையில் பிறப்பதன்று, சேர்க்கைப் பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது, எந்தப் பெயரை எழுத மறுப்பது என்று குமாஸ்தா பேனாவைக் கையில் எடுக்கும் அந்த இடத்திலேயே அது பிறந்துவிடுகிறது, அல்லது இறந்துவிடுகிறது.

1939-இல் யுத்தம் மூண்டபோது பெல் லேன் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ்ஷயரிலுள்ள ஈலி வட்டாரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது. 1958-இல் கேம்டன் டவுனில் புனர்ஜன்மம் எடுத்து, 2002-இல் நகரின் வடமேற்கிலுள்ள கென்டனுக்கு மாறிய பள்ளி, ஜே.எஃப்.எஸ். என்ற மூன்றெழுத்துப் பெயரோடு, ஏறக்குறைய 2,000 மாணவர்கள் பயிலும் சர்க்கார் உதவி பெறும் பள்ளியாக விளங்கிற்று. அன்று ஏழைகள் இலவசமாகப் படித்த இடம் இன்று மத்தியதர வகுப்பார் ஆவலோடு நாடும் இடமாகிவிட்டது. இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். இங்கிலாந்தின் சட்டப்படி, சமயச் சார்புள்ள உதவி பெறும் பள்ளியொன்றில் இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் வருமானால், தன் சமயத்துப் பிள்ளைகளுக்கு அது முதலிடம் கொடுக்கலாம். தன் சமயத்துப் பிள்ளை யார் என்பதை நிர்ணயிக்க ஜே.எஃப்.எஸ். நிர்வாகிகள் நம்பியிருந்தது, வைதிக மரபின் பிரதிநிதியான தலைமை ராபியின், அதாவது தலைமை யூத மதகுருவின், அலுவலகத்தை.

இங்கே சற்று நின்று, இங்கிலாந்தின் யூத சமுதாயம் அந்நாளில் எத்தனை கிளைகளாகப் பிரிந்திருந்தது என்று பார்த்துக்கொள்வது அவசியம். 1870-இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் அமைந்த ஐக்கிய ஜெப ஆலயச் சங்கம் வைதிகர்களின் பேரமைப்பு. தலைமை ராபி அதன் ஆன்மிகத் தலைவர். 1840-இல் தோன்றிய மேற்கு லண்டன் ஜெப ஆலயம் சீர்திருத்தக்காரர்களுடைய மூலஸ்தானம். 1902-இல் லில்லி மாண்டேகு என்னும் பெண்மணியும் கிளாட் மாண்டிஃபியோர் என்னும் அறிஞரும் தொடங்கிய சங்கத்திலிருந்து லிபரல் பிரிவு வளர்ந்தது. நான்காவது பிரிவான மசோர்தியின் பிறப்புத்தான் நம் கதைக்கு மிகவும் நெருக்கமானது. லூயி ஜேக்கப்ஸ் என்னும் ராபி, ஆசார அனுஷ்டானங்களில் பூரண வைதிகர். ஆனால், யூத வேதமான தோரா முழுவதும் சீனாய் மலையில் சொல்லுக்குச் சொல் அருளப்பட்டது என்பதை மட்டும், சரித்திர ஆராய்ச்சியின் முன் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1957-இல் அதை ஒரு நூலாக எழுதினார். அதன் விளைவாக, ராபிகளைப் பயிற்றுவிக்கும் யூதர் கல்லூரியின் தலைமைப் பதவிக்கு அவர் வரவிடாமல் அன்றைய தலைமை ராபி இஸ்ரேல் பிரோடி தடுத்தார். 1964-இல் அவருடைய பழைய ஜெப ஆலயத்துக்கு அவர் திரும்புவதும் தடுக்கப்பட்டது. அவருடைய அன்பர்கள் புதிய லண்டன் ஜெப ஆலயத்தை நிறுவினார்கள்; மசோர்தி இயக்கம் அங்கே வேர் விட்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2005-இல், யூத வாரப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் ஓட்டெடுத்தபோது, பிரிட்டிஷ் யூதர்களுள் தலைசிறந்தவராக அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த ஜேக்கப்ஸைத்தான். பதவி மறுக்கப்பட்டவருக்கு மகுடம் சூட்டுவதில் ஜனங்களுக்கு ஒரு தனி ருசி உண்டு போலும்.

யூதன் யார் என்ற கேள்விக்கு இந்தப் பிரிவுகள் தரும் விடை ஒன்றல்ல. வைதிக மரபின்படி, தாய் யூதச்சியானால் பிள்ளை யூதன். தாய் வேறு சமயத்திலிருந்து வந்தவளானால், அவளுடைய மதமாற்றம் வைதிக ராபிகள் முன்னிலையில், விதிப்படி நடந்திருக்க வேண்டும். சீர்திருத்தக்காரர்களும் மசோர்திகளும் தங்கள் ராபிகள் முன்னிலையில் நடந்த மதமாற்றத்தையும் ஏற்பார்கள். வைதிகர்கள் அதை ஏற்பதில்லை. லிபரல் பிரிவினரோ, தந்தை மட்டுமே யூதனாயினும், யூத வாழ்க்கையில் வளர்க்கப்பட்ட பிள்ளையை யூதப் பிள்ளை என்றே கொள்வார்கள். ஆகவே ஒரே குழந்தை, ஒரு தெருவிலுள்ள ஜெப ஆலயத்தில் யூதக் குழந்தையாகவும், அடுத்த தெருவிலுள்ளதில் அல்லாததாகவும் இருக்க முடியும்.

வைதிகர்களுக்குள்ளேயும் இந்த விடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜே.எஃப்.எஸ். பள்ளியிலேயே ஆங்கிலத் துறைக்குத் தலைமை வகித்த ஆசிரியை ஒருவர், இஸ்ரேலில் வைதிக ராபிகளிடமே மதமாற்றம் பெற்றவர். அவர் மணந்த கணவரோ புரோகித வம்சத்தைச் சேர்ந்தவர். மதம் மாறி வந்த பெண்ணை அவ்வம்சத்தார் மணப்பது வைதிக விதியில் விலக்கப்பட்டது. அந்த விவாகத்தைக் காரணமாகக் கொண்டு லண்டன் ராபிகள் அவருடைய மதமாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, பிறர் பிள்ளைகளுக்குத் தாய் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பள்ளியில் அவருடைய சொந்த மகளுக்கு இடம் கிடைக்கவில்லை.

நியாயஸ்தலத்தை எட்டி, முடிவை மாற்றியது இன்னொரு பிள்ளையின் வழக்கு. தீர்ப்பில் அந்தச் சிறுவனுக்கு ‘எம்’ என்றும் அவன் தந்தைக்கு ‘ஈ’ என்றும் எழுத்துகளே பெயர். தந்தை பிறப்பால் யூதர்; தாய் இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, வைதிகமல்லாத ஜெப ஆலயமொன்றில், மகன் பிறப்பதற்கு முன்பே யூத சமயத்தைத் தழுவியவர். குடும்பம் மசோர்தி ஜெப ஆலயத்தில் ஒழுங்காக வழிபட்டு வந்தது. 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பையனுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஓய்வுநாளையும் உணவு விதியையும் எண்ணியும் பாராத குடும்பத்துப் பிள்ளை, தாய்வழி சரியாக இருந்தால் உள்ளே வரலாம். வாரந்தவறாமல் பிரார்த்தனைக்குப் போகும் இந்தப் பையன் வரக்கூடாது. தந்தை வழக்குத் தொடுத்தார்.

வழக்கின் முடிச்சு நுட்பமானது. சமயத்தைக் காரணமாகக் கொண்டு முதலிடம் கொடுப்பதற்கு அந்தப் பள்ளிக்கு உரிமை உண்டு; இனத்தைக் காரணமாகக் கொண்டு யாரையும் விலக்குவதை 1976-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் அன்று தடுத்தது. தாய்வழிப் பரிசோதனை சமயமா, இனமா? இந்த விவாதத்தில் முன்மாதிரியாக வந்து நின்றது, பர்மிங்காமில் தலைப்பாகை அணிந்த சீக்கியச் சிறுவன் ஒருவனுக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டதன்மேல் 1983-இல் தீர்ந்த வழக்கு என்பது இந்திய வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். சீக்கியர்கள் சமயத்தார் மட்டுமல்லர், நெடிய பொதுச் சரித்திரமும் பண்பாடும் உடைய ஓர் இனக்குழுவினரும் ஆவர் என்று அன்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த இலக்கணத்தை வகுக்க நீதிபதிகள் துணைக்கு அழைத்தது, யூதர்களைக் குறித்து நியூஸிலாந்தில் நடந்த ஒரு வழக்கை. யூதர்களிடமிருந்து சீக்கியர்களுக்குப் போன இலக்கணம் இருபத்தாறு ஆண்டுகளில் மீண்டும் யூதர்களிடமே வந்து சேர்ந்தது.

2008 ஜூலையில் உயர் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்த்தது. 2009 ஜூனில் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தலைகீழாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில்தான் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் புதிதாகத் திறக்கப்பட்டது. அது முதன்முதலாகக் கேட்ட பெரு வழக்குகளுள் இது ஒன்று. டிசம்பர் 16-ஆம் நாள், ஐந்து பேர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது: தாய்வழிப் பரிசோதனை, அதன் மூலம் சமயமே ஆனாலும், பிறப்பையும் வம்சத்தையும் அளப்பது, ஆதலால் சட்டத்தின் கண்ணில் அது இனப் பாகுபாடு. மன்றத் தலைவர் ஃபிலிப்ஸ் பிரபு, உபாகமம் என்னும் வேதப் புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தைச் சுட்டித் தம் தீர்ப்பைத் தொடங்கியதோடு, பள்ளி நிர்வாகிகளோ தலைமை ராபியோ இழிவான பொருளில் இனவெறியர்கள் என்று இதற்கு அர்த்தமல்ல என்பதையும் வற்புறுத்திச் சொன்னார். அந்த வாக்கியம் தேவைப்பட்டது என்பதே வழக்கின் கசப்பைக் காட்டும். மாறுபட்ட நால்வரின் வாதமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று: ஒரு சமயம் தன் அங்கத்தினர் யார் என்று தன் வேதப்படி தீர்மானிப்பதை, அச்சமயத்துக்குப் புறம்பான அளவுகோலால் அளக்கலாமா என்பது அவர்களுடைய சங்கடம்.

விளைவு விசித்திரமானது. பிறப்பைக் கேட்கக்கூடாது என்றால் அனுஷ்டானத்தைத்தானே கேட்க வேண்டும்? இத்தனை முறை ஜெப ஆலயத்துக்கு வந்தால் இத்தனை மதிப்பெண் என்று புள்ளிக் கணக்குப் பிறந்தது. எத்தனை பாவம் செய்தாலும் யூதன் யூதனே என்று சாதித்து வந்த வைதிக மரபு, ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் வருகைப் பதிவைப் பார்த்து அவன் சமயத்தை நிச்சயிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. அதிலும், ஓய்வுநாளில் எழுதுவதே நிஷித்தம். வருகையை எழுதிக்கொள்ளாமல் எப்படிக் குறித்துக்கொள்வது? அட்டைகளும் சீட்டுகளுமாக உபாயங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பள்ளிச் சேர்க்கைப் பருவத்தில் பின்வரிசை ஆசனங்கள் நிறைந்தன. பக்தி எந்த வழியில் வந்தாலும் நல்லதே என்பார்கள் சிலர். எனக்கு அதில் அவ்வளவு நிச்சயமில்லை.

இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, வேறொரு பள்ளிக்கான ஏற்பாடுகள் முதிர்ந்துகொண்டிருந்தன. வைதிகமல்லாத குடும்பங்களுக்கு லண்டனில் ஆரம்பப் பள்ளிகள் முன்பே இருந்தன. 1981-இல் தொடங்கிய அகீவா பள்ளி அவற்றுள் மூத்தது. பதினொரு வயதானதும் அப்பிள்ளைகள் போவதற்குத்தான் இடமில்லை. அந்தக் குறையை நீக்கவென்று பெற்றோர்களும் பல பிரிவுகளின் தலைவர்களும் சில ஆண்டுகளாக உழைத்ததன் பயனாக, 2010 செப்டம்பரில் வடக்கு லண்டனின் நியூ பார்னெட்டில், ஜேகாஸ் என்று சுருக்கமாக வழங்கும் யூத சமுதாய மேல்நிலைப் பள்ளி ஒரே ஒரு வகுப்போடு தன் கதவைத் திறந்தது. எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான யூத மேல்நிலைப் பள்ளி பிரிட்டனில் அதுவே முதலாவது. ஆட்டிஸம் உள்ள பிள்ளைகளுக்கென்று தனி ஏற்பாடொன்றையும் அது தன்னுள் அமைத்துக்கொண்டது. பதிவேட்டின் வாசல் அகலத் திறக்கும்போது ஒரு திசையில் மட்டும் திறப்பதில்லை என்பதற்கு இதை நான் ஒரு நல்ல அடையாளமாகக் கொள்கிறேன்.

அமெரிக்காவில் இத்தகைய பள்ளிகள் இதற்கு முன்பே வேரூன்றிவிட்டன. 1965-இல் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்து சென்ற ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் என்னும் ஞானியின் பெயரால் நியூயார்க்கில் 1983-இல் ஒன்று எழுந்தது. பாஸ்டனில் 1997-இல் மற்றொன்று. அங்கே அவை பெரும்பாலும் கட்டணப் பள்ளிகள். ஆகவே, அங்கே பெற்றோரின் பணப்பை செய்யும் தேர்வை லண்டனில் சட்டமும் சர்க்காரும் ராபியும் சேர்ந்து செய்ய வேண்டியதாயிற்று.

கொள்கையைப் பறைசாற்றுவது சுலபம். பன்மை நெறிப் பள்ளியொன்றின் அன்றாட நிர்வாகந்தான் கடினம். சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோஷர் என்னும் யூத உணவு விதிகளைத் தீவிரமாகக் கைக்கொள்பவன் தளர்ந்த சமையலறையில் உண்ண முடியாது. கைக்கொள்ளாதவனோ தீவிரமான சமையலறையிலும் உண்ணலாம். ஆகவே, எல்லாரும் ஒரு பந்தியில் உட்கார வேண்டுமானால், கட்டுப்பாடு மிகுந்தவனின் விதியே எல்லாருக்கும் விதியாகிறது. பிரார்த்தனையில் இந்த உபாயம் பலிக்காது. வைதிக முறையில் ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் கூட்டுப் பிரார்த்தனை; பெண்கள் தனியே அமர்வார்கள், கணக்கில் சேரமாட்டார்கள். மற்ற பிரிவுகளில் பெரும்பாலும் பெண்ணும் கணக்கில் சேர்வாள், தோராவையும் வாசிப்பாள். இரண்டையும் ஒரே கூடத்தில் ஒரே சமயத்தில் நடத்த வழியில்லை. ஆகவே ஒரே பள்ளியில் பல பிரார்த்தனைகள், மாணவன் தேர்ந்துகொள்ள வேண்டியது. உண்பதற்கு ஒன்றுசேர்ந்தவர்கள் தொழுவதற்குப் பிரிகிறார்கள். வகுப்பறையிலோ, சீனாயில் நடந்தது என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் இன்னார் இவ்வாறு நம்புகிறார்கள், இன்னார் அவ்வாறு நம்புகிறார்கள் என்று எடுத்துரைக்க வேண்டும். லூயி ஜேக்கப்ஸுக்குப் பதவி மறுக்கக் காரணமான அதே கேள்வி இங்கே பாடமாகிவிட்டது.

வைதிகர்களின் ஆட்சேபம் இங்கேதான் எழுகிறது. அதை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிட முடியாது. எல்லா வழிகளும் சமானம் என்று நடுநிலையாகச் சொல்வதுபோல் தோன்றினாலும், அதுவும் ஒரு சித்தாந்தமே. ஒரே வழிதான் தெய்வ வாக்கு என்று நம்புகிறவன், அந்தப் பள்ளியில் தன் நம்பிக்கையைப் பல நம்பிக்கைகளுள் ஒன்றாக வைக்கச் சம்மதித்த கணத்திலேயே அதைக் கைவிட்டவனாகிறான் என்பது அவர்கள் வாதம். தர்க்கத்தில் இதற்கு நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தர்க்கத்தில் முடியாத எத்தனையோ காரியங்கள் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நடந்தேறிவிடுகின்றன. மேலும், இந்தப் பன்மைக்கும் எல்லை உண்டு: இடம் போதாதபோது யூதப் பிள்ளைக்கே இங்கும் முதலிடம். யூதருக்குள் எத்தனை வகையார் உண்டோ அத்தனை வகையாருக்கும் இடம் என்பதே இதன் பொருள், ஊராருக்கெல்லாம் என்பதல்ல.

யூதப் பிள்ளைகள் அருகிப்போய், முஸ்லிம் பிள்ளைகளே பெரும்பாலும் நிறைந்து, ஆனாலும் யூதப் பள்ளி என்ற பெயரை விடாமல் நடந்துவரும் ஒரு பாடசாலையின் பதிவேடு வேறு விதமானது. 1881-இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற யூதப் பெண்கள் பள்ளியின் வரலாற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.