இசைத்தட்டின் சுழற்சியும் பாடகர் சுருதியும்

பழைய நாடகப் பாடல்களை ஆராய்வோர், இசைத்தட்டையே சான்றாகக் காட்டி, இன்னார் இத்தனை கட்டையில் பாடினார் என அறுதியிட்டு உரைப்பதுண்டு. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) குறித்து இவ்வாறு சொல்லப்படுவன பல. அவர் குரலின் உயர்ச்சி ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் தட்டில் ஒலிக்கும் சுருதி பாடிய சுருதியே எனக் கொள்ளுமுன், அத்தட்டு என்ன வேகத்திற் பதிவாயிற்று என்பதைத் துணிதல் வேண்டும்.

தட்டின் பள்ளத்தில் பதிந்த அலைவுகள் ஊசியை விரைந்து கடக்குமாயின் சுருதி உயரும். பாட்டின் நடையும் அதே அளவில் விரையும். ஒன்றை விடுத்து மற்றொன்று மாறாது. நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் அளவு 1920களின் பிற்பகுதியிலேதான் பெரும்பாலும் நிலைபெற்றது. அதற்கு முன் 70 முதல் 82 சுற்று வரை பதிவுகள் வேறுபட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டுகளிற் பாடிய சேலம் கோதாவரி போன்றோர் பதிவுகள் அக்காலத்தன. கேட்கும் கருவியும் நிலையானதன்று. எடப்பாடி, சங்ககிரிப் பக்கத்து மணவீடுகளில் சாவி கொடுத்து ஓட்டிய பெட்டியில், சுருள்வில் தளருந்தோறும் பாடகர் குரலும் தாழ்ந்து இழுபடும். முதியோர் பலர் இதனை அறிவர்.

கணக்கு எளியது. ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கிடையே அதிர்வு எண் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு வேறுபடும். 74 சுற்றிற் பதிந்ததை 78இல் ஓட்டின் சுருதி நூற்றுக்கு 5.4 பங்கு உயரும். நான்கரைக் கட்டையிற் பாடியவர் ஐந்து கட்டையிற் பாடியவராகி விடுவார்; 190 நொடிப் பாட்டு 180 நொடியில் முடியும்.

உடன் ஒலிக்கும் ஆர்மோனியம் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் என்பர் சிலர். அது பாதி மெய். 76இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி இரு கட்டைகளின் நடுவே நின்று பிழையை உணர்த்தும். ஆனால் 74இல் பதிந்ததோ அடுத்த கட்டையையே கிட்டத்தட்டச் சென்றடைந்து ஐயம் எழாவண்ணம் மறைந்துகொள்ளும். ஆர்மோனியங்கள் யாவும் ஒரே சுருதியில் அமைந்தனவும் அல்ல. யாழ் குழலைப் பின்பற்றியதாக அரங்கேற்று காதை கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. துளைகள் நிலைத்த கருவியை அளவாகக் கொள்ளும் வழக்கு நமக்குப் புதிதன்று.

ஆகவே வேறு சான்றுகளும் வேண்டும். ஒரே அமர்வில் பதிந்த தட்டுகளைப் பொறிப்பு எண்களின் வரிசையால் இனங்கண்டு ஒப்பிடலாம். அவற்றின் வேகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேகம் மிகுந்தால் குரலின் தன்மையும் திரியும்; ஆகாரம் சிறுத்து, ஆண்குரல் இளைஞர் குரல்போல் மெலியும். பாட்டின் முடிவிற் பாடகர் தம் பெயரைச் சொல்லும் தொடக்ககாலத் தட்டுகளில் இது தெளிவாகத் தெரியும். பாட்டினும் பேச்சே இவ்வகைச் சோதனைக்கு நன்கு உதவும் என்பது என் கருத்து.

இராக ஆராய்ச்சிக்கு இதனால் ஊறில்லை. சுரங்களுக்கிடையே உள்ள விகிதம் மாறுவதில்லை. குறில் நெடில்களின் ஒலிப்பு நேரத்தைத் தட்டிலிருந்து அளப்போர்க்கும் விகிதம் பிழைபடாது. நொடிக்கணக்கில் தரும் எண்களே பிழைபடும். இன்று கணினிப் படிகளையே கேட்டு எழுதுகிறோம். அவற்றுட் பல, எவ்வேகத்தில் ஓட்டிப் படியெடுக்கப்பட்டன என்ற குறிப்பின்றிக் கிடைக்கின்றன. அத்தகைய படியிலிருந்து கட்டை கூறுவோர், தாம் கொண்ட சுழற்சி எண்ணையும் உடன் எழுதுதல் வேண்டும்.